கேட்காமல் விட்ட இருபத்துமூன்றாவது ஆள்

12.9.2025, வெள்ளி. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வகுப்பில் ‘கேரியர்’ என்ற சொல்லின் பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் கேட்டிருந்தார்கள். மூன்றாவது பொருளுக்கு எதிரே தேவானையக்காவின் பெயரை எழுதிவிட்டேன். கையில் ஆதாரம் எதுவும் இல்லை. நாளை வேலை முடிந்து வந்ததும் அடித்துவிட்டு வேறு உதாரணம் எழுத வேண்டும்.

இதை எழுதிய கயல்விழிக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனம் அமரும். எழுதிய பிறகு, சரியாகத்தான் எழுதினோமா என்று இன்னொரு முறை எண்ணிப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. தி. நகரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். மாலையில் நந்தனத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சுற்றுச்சூழல் சுகாதாரச் சான்றிதழ் வகுப்பு. தங்குவது மந்தைவெளியில், சுப்புராயன் நடத்தும் பெண்கள் விடுதியில். விடியும் முன் கிளம்புகிறவள் என்பதால் அவளுக்கு வாசலையொட்டிய கீழ்த்தள அறை.

அந்த விடுதியில் மூன்று வாரமாகக் காய்ச்சல். இருபத்திரண்டு பேரில் ஏழு பேர் டைபாய்டில் படுத்துவிட்டார்கள். முதலில் விழுந்தவள் இரண்டாம் மாடி அனு. அவளுடைய அப்பா திண்டிவனத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து, மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிப்போனார். போகும்போது வாசலில் நின்று அவர் போட்ட சத்தம் தெருமுனை இஸ்திரிக்காரர்வரை கேட்டது.

கயல் அன்றே ஓர் அட்டவணை போட்டாள். பெயர், அறை, காய்ச்சல் தொடங்கிய நாள், வெளியில் சாப்பிட்டது, விடுதியில் சாப்பிட்டது, குடித்த தண்ணீர். அனுவைப் போனிலும் மற்றவர்களைக் கதவைத் தட்டியும் கேட்டாள். தண்ணீர்க் கட்டத்தின் முதல் வரியில் ‘கேன்’ என்று எழுதியவள், கீழே ‘மேற்படி, மேற்படி’ என்று போட்டுக்கொண்டே வந்தாள். சென்னையில் கேன் தண்ணீர் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கேன் என்றால் நல்ல தண்ணீர், குழாய் என்றால் பாத்திரம் கழுவ. எல்லோருக்கும் ஒரே கேன், ஆகவே குற்றம் தண்ணீரில் இல்லை. மிச்சம் இருந்தது சட்னி. அடுப்பேறாத தேங்காய்ச் சட்னி. அதை அரைப்பவர் விடுதிச் சமையல்காரர் தேவானை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்தச் சொல் வந்தது. கழிவை ஏற்றிப் போகும் வண்டியும் கேரியர்தான். ஆய்வுக்கூடக் கருவிக்குள் ஆவியை ஏந்திச் செல்லும் வாயுவும் கேரியர்தான். கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு, தான் படுக்காமல் மற்றவரைப் படுக்கவைக்கும் ஆளும் கேரியர்தான். முதல் பொருளுக்குக் கழிவுநீர் லாரியை எழுதினாள். இரண்டாவதற்குத் தன் லேபுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ஹீலியம் சிலிண்டரை எழுதினாள். மூன்றாவதற்கு வந்தபோது மணியடிக்க ஐந்து நிமிடம். அட்டவணை நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டாள்.

விடுதிக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாட்குறிப்பை எழுதியவள், அதை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். வகுப்பு நோட்டு மேஜையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு அவள் ரத்தக் குப்பிகளை லேபில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது தேவானை விடுதி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். தோளில் துணிப்பை. காலடியில் அவர் சொந்தமாகக் கொண்டுவந்து வைத்திருந்த தேங்காய்த் துருவி.

“வா கண்ணு. ரத்தம் எடுத்துனு வர்றியா? என்னுதயும் எடுத்துக்கோ. இன்னும் கொஞ்சம் மிச்சம் கீது.”

“என்னாச்சுக்கா?”

“இன்னாச்சா? எழுதினவ நீ, என்னை கேக்கிற?”

தேவானை போனை நீட்டினார். விடுதிக் குழுவில் சுப்புராயன் போட்டிருந்த செய்தி: ‘காய்ச்சலுக்குக் காரணம் கண்டறியப்பட்டது. சமையல்காரி தேவானை டைபாய்டு கேரியர். இன்று முதல் நீக்கப்பட்டார். தகவல்: சுகாதாரப் படிப்பு மாணவி கயல்விழி.’ கீழே அவளுடைய நோட்டின் புகைப்படம். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், சாயாத எழுத்து. பள்ளியில் பரிசு வாங்கிய அந்தக் கையெழுத்தைப் பார்க்க அவளுக்கே கூசியது.

“அக்கா, அது வகுப்புக்கு... நான் அழிக்கலாம்னுதான்...”

“ஆத்தோரத்துல இருந்தப்ப நாத்தம், கொசுன்னு சொல்லி லாரில ஏத்தினு போய் பெரும்பாக்கத்துல எறக்கி வுட்டாங்க. சரின்னு போய்க்கினோம். நாலு மணிக்கு எழுந்து ரெண்டு பஸ் மாறி வந்து உங்களுக்கு இட்லி ஊத்தினேன். இப்ப நானே கிருமின்றீங்க. இன்னும் எங்க கண்ணு கொண்டு போய் எறக்குவீங்க?”

தேவானை துருவியை எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டார்.

“அடையாறுல ஒரு ஃப்ளாட்டுல சாயங்கால சமையல் பண்றேன். இந்த மெசேஜு ஏரியா குரூப்புக்கும் போய்ச்சு, அவுங்களும் அதுல கீறாங்க. அதுவும் போச்சுன்னா, மந்தைவெளிலேருந்து திருவான்மியூர் வரைக்கும் ஒருத்தி என் கைல சாப்டமாட்டா. அத்தயும் எழுதிக்கோ.”

சுப்புராயன் உள்ளே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“பாரும்மா. காய்ச்சக்காரங்களுக்கு எடுத்த மாதிரி அந்தம்மாவுக்கும் போன வாரம் டெஸ்ட் எடுத்தேன். பாசிட்டிவ்.”

கயல் பார்த்தாள். வைடால் பரிசோதனை. ஒன்றுக்கு எண்பது என்று இருந்ததைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

“சார், இது இந்த ஊர்ல பாதிப்பேருக்கு வரும். எப்பவோ காய்ச்சல் வந்துபோயிருந்தாலும் வரும். கேரியரான்னு பாக்க இது டெஸ்டே இல்ல. மலத்தை கல்ச்சர் பண்ணி கிருமி வளருதான்னு பாக்கணும். ஒருதடவை இல்ல, மூணு தடவை.”

“சாமி கும்பிடற நேரத்துல மலம் கிலம்னு பேசாத. நீதானே எழுதினே?”

“தப்பா எழுதிட்டேன் சார்.”

“நேத்து சரி, இன்னைக்குத் தப்பா? ஏழு பேரோட அப்பா அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும். படிச்ச பொண்ணு நீ கண்டுபிடிச்சே, நான் நடவடிக்கை எடுத்தேன். அதோட விடு.”

“அந்த மெசேஜை எடுத்துடுங்க சார்.”

“எடுத்தா வேற காரணம் சொல்லணும். இருக்கா உன்கிட்ட?”

இல்லை. அதுதான் அவளை அதிகமாக எரித்தது. உடம்பு முழுக்கக் கோபம். பாதி அவர்மேல், பாதி தன்மேல். எது எந்தப் பாதி என்று பிரித்துக் கட்டம் போட முடியவில்லை. கேட்காமல் நோட்டைத் திறந்து படம் எடுத்தார். எடுத்தது அவர் குற்றம். ஆனால் அதில் ஒரு பெயர் இருந்ததே, அது யார் குற்றம்?

சனிக்கிழமை வகுப்பு மதியம் இரண்டு மணிக்கே. அடுத்த பெஞ்சில் உட்காரும் ஃபராஸ், ராயப்பேட்டைக்காரன், அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான்.

“இன்னா மேடம், வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி கீறீங்க?”

அவள் நடந்ததைச் சொல்லி அட்டவணையை அவன் பக்கம் திருப்பினாள். எங்கே பிசகினோம் என்று காலையிலிருந்து நாலு முறை பார்த்தும் தெரியவில்லை. ஃபராஸ் விரலை ஓட்டிக்கொண்டே கீழேவரை வந்தான்.

“சூப்பரா கீது. கண்ணாடி ஃப்ரேம் போட்டு மாட்டலாம். இருபத்திரண்டு பேரு. சமையல் அக்கா எத்தினாவது?”

“அவங்க விடுதியில தங்கல. அதனால அட்டவணைல வரமாட்டாங்க.”

“தங்கல. ஆனா எல்லாத்துக்கும் அவுங்கதான் காரணம். நல்லா கீது நியாயம். செயின் அறுத்தவன கூட ஸ்டேஷன்ல உக்காரவெச்சு ஒரு வார்த்தை கேப்பாங்கமா.”

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கயல் சிரிக்கவில்லை. மூன்று வாரமாகக் கதவு கதவாகத் தட்டியவள், திறந்தே கிடந்த சமையலறைக்குள் போய் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

அன்று மாலையே தேவானையைப் போனில் அழைத்தாள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்தவர், “நாளைக்கி பதினோரு மணிக்கி அடையாறு டிப்போல இருப்பேன். பேசணும்னா வா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிப்போவில் கூட்டம் இல்லை. தேவானை சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர்.

“அந்த ஃப்ளாட்டும் போச்சு. கதவையே தொறக்கல. என் டிபன் டப்பா, வூட்டுக்குள்ள போட்டுக்கிற செருப்பு, ரெண்டையும் கவர்ல கட்டி லிஃப்டுல வெச்சு கீழ அனுப்பிட்டாங்க. கதவு தொறந்துச்சு, உள்ள ஆளே இல்ல. கவர் மட்டும் நின்னுகினு கீது.”

“அக்கா, என்னை மன்னிச்சிருங்க.”

“அத்த வெச்சினு நான் இன்னா பண்றது? எந்த வூட்ல காட்டினா வேலை குடுப்பாங்க?”

கயல் நோட்டைத் திறந்தாள். அட்டவணையின் அடியில் ஒரு கோடு போட்டு, 23 என்று எழுதினாள். “மத்தவங்களைக் கேட்டதையெல்லாம் உங்ககிட்டயும் கேக்கணும்க்கா. முதல்லயே கேட்டிருக்கணும்.”

“கேளு. பஸ்ஸு வர இருவது நிமிஷம் ஆகும்.”

காய்ச்சல் வந்ததா, இல்லை. முன்பு எப்போதாவது, சின்ன வயதில் ஒருமுறை. வெளியில் சாப்பிட்டது, பஸ் மாறும் இடத்தில் ஒரு பன். விடுதியில் சாப்பிட்டது, மிஞ்சியது எதுவோ அது. குடித்த தண்ணீர்?

“நான் அங்க தண்ணி குடிக்கமாட்டேன். டீதான்.”

“ஏன்?”

“ரொப்பறவ நானாச்சே. எப்பிடி குடிப்பேன்?”

கயலின் பேனா நின்றது. “எதை ரொப்புறீங்க?”

“கேனத்தான். கீழ ரூம்புங்களுக்கும் சாருக்கும் மட்டும் கடை கேன். கேன் போடறவரு முட்டி வலி, மாடி ஏறமாட்டேன்னு சித்திரையிலியே சொல்ட்டாரு. அதுலேருந்து மேல ரெண்டு மாடிக்கும் காலி கேன்ல நாந்தான் ஃபில்டர் தண்ணி புடிச்சு வெக்கறேன். அந்த ஃபில்டர் உள்ள கீற கேண்டில் தேங்கா நார் கலர்ல கீது. மாத்தி எத்தினி வருசமாச்சோ.”

“அந்த ஃபில்டருக்கு எங்கேருந்து தண்ணி வருது?”

“தெருக் குழாய்தான். முன்ன அடிபம்பு இருந்துச்சு. பத்தலன்னு அத்த கழட்டிட்டு லைன்லயே நேரா மோட்டார் மாட்டிட்டாரு. காலைல தண்ணி வுடறப்ப போட்டார்னா உறிஞ்சிக்கினு வரும். போன மாசம் தெருவ தோண்டிப் போட்டாங்களே, அதுலேருந்து மொத பத்து நிமிசம் டீ கலரு. மூக்க புடிச்சுக்கினுதான் நிக்கணும்.”

கயலுக்குப் படம் போட்டுக் காட்டியதுபோல் புரிந்தது. குழாய்க்குள் தண்ணீர் தானாக ஓடினால் விரிசல் வழியே வெளியேதான் கசியும். மோட்டார் வைத்து இழுத்தால் தெருவடியில் பக்கத்தில் கிடக்கும் சாக்கடையும் அதே விரிசல் வழியே உள்ளே வரும். அவள் வேகமாக அறைக் கட்டத்தைப் பார்த்தாள். படுத்த ஏழு பேரில் நாலு பேர் இரண்டாம் மாடி, மூன்று பேர் முதல் மாடி. கீழ்த்தளத்தில் அவளையும் சேர்த்து நாலு பேர். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாம் அவள் கையால் எழுதியது. அதன்மேல் இருபத்தோரு ‘மேற்படி’யைப் போட்டு மூடியதும் அவள்தான்.

“ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டீங்க?” தேவானையின் குரல் உயர்ந்தது. பக்கத்துப் பெஞ்சிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். “அந்தாளுகிட்ட சொன்னேன். கொதிக்க வெச்சு ரொப்பறேன்னேன். கேஸ் உங்கப்பன் வூட்டுதான்னாரு. வெளிய சொன்னா வேலை போய்டும்னாரு. சொல்லாம இருந்தேன். வேலை போச்சு.” கவரின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். “அனு பொண்ணு ரெண்டு பாட்டில் எடுத்தாரும். அக்கா ஃபுல்லா ரொப்புங்கன்னும். நானும் ரொப்பிக் குடுத்தேன். அத்த நெனச்சாத்தான் நெஞ்சு அடைக்குது. நீ என்னை கேரியர்னு எழுதினது கூட அப்பிடி இல்ல.”

கயல் ‘காரணம்: தண்ணீர்’ என்று எழுதப் போனாள். முதல் எழுத்திலேயே கை நின்றது. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீரை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. அவள் ‘சோதிக்க வேண்டியது: தண்ணீர்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தயங்கினாள்.

“அக்கா, இன்னொண்ணு. கோவிச்சுக்கக் கூடாது. உங்க பேர் சந்தேகமில்லாம வெளிய வரணும்னா உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும். ரத்தம் இல்ல...”

புரிந்ததும் தேவானை எழுந்து நின்றுவிட்டார்.

“என் பீய டப்பால கொண்டாந்து குடுத்து, நான் நல்லவன்னு சர்ட்டிபிகேட் வாங்கணுமா? அவன் சாக்கடைய உறிஞ்சி ஊத்துவான், டெஸ்ட்டு எனக்கா?”

பெஞ்சுப் பெண் எழுந்து தள்ளிப் போய் நின்றாள். கயல் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டது தப்பில்லை என்று வகுப்பு சொல்லும். எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தேவானை கவரை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

“சரி, எழுதிக்கோ. மொதல்ல தண்ணி. அப்பறம் நான் குடுக்கறேன். ஆனா தனியா குடுக்கமாட்டேன். அந்தாளு தெனம் சட்னில வெரல வுட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் உப்பு பத்தலம்பாரு. அவரும் குடுக்கட்டும். காய் நறுக்கித் தர்ற ரெண்டு பொண்ணுங்களும் குடுக்கட்டும். ஒரே நாளு, ஒரே லேபு. எழுதினியா?”

கயல் எழுதினாள். சமையலறைக்குள் கைவைக்கும் எல்லோரையும் ஒரே முறையில் சோதிப்பது. அவள் போட்ட அட்டவணையைவிட இது முறையாக இருந்தது. அதையும் சொன்னாள். “பின்ன?” என்றார் தேவானை. பஸ் வந்தது.

அன்று சாயங்காலம் காபி நேரத்தில், விடுதியில் இருந்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியிருந்தபோது, கயல் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பார்க்காமல் பேசினால் தடுமாறுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

“தேவானையக்காவைப் பத்தி நான் எழுதினதுக்கு ஆதாரம் இல்ல. அவங்களை நான் ஒரு வார்த்தை கூட கேக்கல. அது என் தப்பு. மேல் மாடிகள்ல இருக்கிற கேன் கடை கேன் இல்ல. தெருக்குழாய்த் தண்ணி. சோதிச்சு முடிவு வர்ற வரைக்கும் கொதிக்க வைக்காம குடிக்காதீங்க.”

சுப்புராயன் மேஜையை விட்டு எழுந்து வந்தார். “ஏய், ஏய். யாரைக் கேட்டு மீட்டிங் போடற? மோட்டார் இந்தத் தெருவுல எல்லாரும்தான் போட்டிருக்கான். போய் அவனுங்களையும் கேளு.”

“நான் இன்னும் மோட்டாரைப் பத்தி எதுவும் சொல்லல சார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தி. நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஆரோக்கியமேரி முதல் மாடிக்காரி, காய்ச்சலில் கிடந்து எழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“சார், எங்க மாடி கேன் எங்க நிரம்புது? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஃபில்டர் தண்ணிம்மா. கேனைவிட நல்ல தண்ணி.”

ஆரோக்கியமேரி மேலே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர். அதை அவர் முன்னால் வைத்தாள். “நல்ல தண்ணி. குடிங்க.”

“இப்பத்தான் காபி குடிச்சேன்” என்றார் சுப்புராயன்.

அவர் டம்ளரைப் பார்க்காமல் கயலைப் பார்த்தார். “மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு.”

“சரி சார். மெசேஜை எடுத்துடுங்க.”

அவர் எடுக்கவில்லை. கயல் தாளில் இருந்ததை அப்படியே அதன் கீழே போட்டாள். ஏரியா குழுவிலும் போட்டாள். அடையாறு ஃப்ளாட் அம்மாவின் எண்ணைத் தேவானையிடம் வாங்கி, அதற்கும் அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. குழுவில் ஒருத்தி, ‘அப்ப நாளைக்கு டிபன் யார் செய்வா?’ என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி, ‘படிச்சவங்க முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க’ என்று எழுதியிருந்தாள். அது குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள். ஒரு செய்தி ஒரு நாளில் ஓடிய தூரத்தை, அதைத் திருத்தும் செய்தி ஓடப் போவதில்லை. கையில் ஒரு தாள் வேண்டும், முத்திரை குத்திய தாள்.

லேபில் கிருமி நீக்கிய பாட்டில்கள் மூன்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். அவற்றின்மேல் ஒட்ட வேண்டிய சீட்டுகளில் இடத்தை எழுதினாள். நேரத்தை எழுதவில்லை, எடுத்த பிறகுதான் எழுத வேண்டும். பிறகு நாட்குறிப்பைத் திறந்தாள்.

14.9.2025, ஞாயிறு. நாளைக்கு லேபில் விடுப்புச் சொல்லியாயிற்று. காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் விடுவார்கள். மோட்டார் ஓடும்போது குழாயில் ஒரு பாட்டில், இரண்டாம் மாடிக் கேனில் ஒன்று, கீழ்த்தளக் கேனில் ஒன்று எடுக்க வேண்டும். ஆரோக்கியமேரி சாட்சியாக உடன் நிற்பாள். ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணிக்கு மாநகராட்சி சுகாதார அலுவலகத்தில் புகார் மனுவோடு கொடுக்க வேண்டும். தேவானையக்கா ஒன்பதரைக்கு அங்கே வருவார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.